தென்னையடிக் காளான்

காளான் இருட்டில்தான் வளரும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை. விதை பிடித்துப் பரவுகிற வரைக்கும்தான் இருட்டு வேண்டும். அதற்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் காட்ட வேண்டும். ஒரு ஆள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அளவுக்கு. கோயமுத்தூரில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனபோது அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தேன். என்மேல் ஏதாவது தப்பு இருந்தால் அது படித்ததுதான்.

என் பெயர் தமிழ்மதி. நல்லூரில் என் அத்தை செல்லாத்தாளின் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பன்னிரண்டு தையல் மிஷின்கள், ஒரு கட்டிங் மேசை, இரண்டு செக்கிங் மேசைகள். பெரிய கம்பெனிகள் கொடுக்கிற துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை. முன்பக்கம் அத்தையின் மாடி வீடு. பின்பக்கம் ஒரே அறை. அதில் நானும் அம்மாவும். அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது தவறிப்போனார். அப்பாவின் அக்காதான் செல்லாத்தாள் அத்தை. எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து இடம் கொடுத்தவர் அவர். இதை நான் எப்போதும் மறந்ததில்லை.

செக்கிங் என்றால், தைத்து முடிந்த பனியனை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. குறை இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஒரு பீஸுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஒன்பது வருடமாகச் செய்கிறேன். எதிரில் நின்று வேலை செய்கிற ஜுவைரியா, "மதி கண்ணுக்குத் தப்பறது எமனுக்கே தப்புன மாதிரி" என்பாள். எங்கள் தெருவில்தான் அவளுடைய வீடும். வாய் ஓயாமல் பேசுவாள். நான் பேச மாட்டேன். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அத்தைமேல் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள். பத்தாவதில் நான் நானூற்று அறுபத்தேழு. பதினொன்றாவதில் பயாலஜி எடுத்தேன். மூன்று மாதம் போனேன். ஆவணியில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது, ஆள் பற்றவில்லை. "இந்த ஷிப்மெண்ட் போயிரட்டும் கண்ணு, அப்புறம் போய்க்கலாம்" என்றார் அத்தை. அந்த ஷிப்மெண்ட் போனது. அடுத்தது வந்தது. ஒரு சனிக்கிழமை பயாலஜி டீச்சர் வீடு தேடி வந்தார். அத்தை அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, "அவளுக்கே படிப்புல இஷ்டமில்லீங்க டீச்சர். வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். கையில் ஸ்டிக்கர் ரோல் இருந்தது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. தலையை ஆட்டினேன். டீச்சர் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். நான் எழுதியிருந்த நோட்டுகளை எடைக்குப் போட மனமில்லாமல் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அவ்வளவுதான். அத்தையின் மகள் அபிராமி அக்கா அந்த வருடம் பன்னிரண்டாவது முடித்து என்ஜினியரிங் சேர்ந்தாள். இப்போது பெங்களூரில் இருக்கிறாள். நல்ல மாதிரி. ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பழைய சுடிதார்கள் கொண்டு வருவாள்.

காளான் வளர்க்கிற யோசனை என்னுடையது. கட்டிங் மேசைக்கு அடியில் விழுகிற துணித் துண்டுகளில் சாயம் ஏறாத வெள்ளை வேஸ்டை மட்டும் பொறுக்கி, டிரம்மில் வேகவைத்து, பிழிந்து, பாலிதீன் பைகளில் விதையோடு அடைத்துத் தொங்கவிட்டால் சிப்பிக் காளான் மொட்டு மொட்டாக வெளியே வரும். பின்னால் சும்மா கிடந்த ஷெட்டை அத்தை எனக்குக் கொடுத்தார். "வேல நேரத்துல அங்க போயிக் குந்திக்காத" என்று மட்டும் சொன்னார். பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் கடைசி நாலு பக்கம் மருத்துவக் காளான்களைப் பற்றி இருந்தது. மேற்கொண்டு செல்போனில் தேடினேன். எல்லாம் இங்கிலீஷ். பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ஒரு வருடத்தில் அகராதி இல்லாமலே படிக்க வந்துவிட்டது. பீட்டா குளுக்கான், டிரைட்டர்பீன் என்று காளானில் இருக்கிற பொருள்களின் பெயர்களை ஷெட்டுக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். யாருக்கும் தெரியாது.

அப்படி இருக்கையில்தான் அத்தைக்கு மார்பில் கட்டி வந்தது.

கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். மாமா காலமாகி ரொம்ப வருடம் ஆகிறது. அபிராமி அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டர் ஒரு இளம் பெண். இரண்டாவது கட்டம் என்றார். எட்டு ஊசி, பிறகு ஆபரேஷன், பிறகு கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு. "முழுசா முடிச்சீங்கன்னா நல்லா இருப்பீங்கம்மா. இன்னும் இருபது வருசம் கம்பெனி நடத்தலாம்" என்றார். அத்தை திகைத்துப்போய் உட்கார்ந்திருந்ததால் என் பக்கம் திரும்பி, "நீதானே படிச்ச பொண்ணு, நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு நீ எடுத்துச் சொல்லு" என்றார். ஃபைலில் என்னுடைய நம்பரைத்தான் எழுதினார்கள். ஒரு டாக்டர் என்னைப் படித்த பெண் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு ஊசி போட்டோம். அத்தை ஒரு நாளும் படுத்துப் பார்த்தவர் இல்லை. கட்டிங் மேசையில் நின்றால் ஆண்கள் தோற்றுப் போவார்கள். அப்படிப்பட்டவர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். மிஷின் எண்ணெய் வாடை பட்டாலே ஓங்கரித்தார். முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது.

"பழனி முருகனுக்கே நான் பூமுடிதான் குடுத்தவ" என்றார் என்னிடம். "இந்த ஊசிக்கு முழு முடியும் குடுக்கோணுமாக்கு. ஏங் கண்ணு, வேற வழியே இல்லியா? நீதான் எந்நேரமும் போன்ல என்னமோ படிக்கறியே, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

ஒன்பது வருடத்தில் அத்தை என்னிடம் எதையும் படிக்கச் சொன்னதில்லை. படிப்பதை நிறுத்தச் சொன்னது மட்டும்தான் உண்டு. அதனால் எனக்குப் பழிவாங்கத் தோன்றியது என்று எண்ணிவிடாதீர்கள். சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அத்தையின் அறைக்குப் போனேன். அம்மாவும் பின்னால் வந்து நின்றாள். அத்தை படுத்தபடியே நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் ஆர்டர் கொடுக்கிற பையர், பேங்க்காரர் இவர்களெல்லாம்தான் உட்காருவார்கள். நான் போனில் இருந்ததை இங்கிலீஷில் ஒரு வரி படித்து, தமிழில் ஒரு வரி சொன்னேன். கானோடெர்மா என்று ஒரு காளான் இருக்கிறது, அதிலுள்ள பொருள்கள் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன, அவற்றைச் சாகடிக்கின்றன, மார்புப் புற்றுநோய்ச் செல்களையும் சேர்த்து. இதில் ஒரு சொல்கூட நான் போட்டது இல்லை. அதற்கு மேலும் சில வரிகள் இருந்தன. மூச்சு வாங்க நிறுத்தினேன். அதற்குள் அத்தை பேசத் தொடங்கிவிட்டார்.

"இது யாரு சொல்றது? யூடியூப்பா?"

"இல்லீங்க அத்தை. லேப்ல டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காங்க."

அத்தை எழுந்து உட்கார்ந்தார்.

"ரிப்போர்ட் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"பாஸா?"

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு லாட் துணி வந்தால் அதிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி லேப்புக்கு அனுப்புவோம். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று அங்கே துவைத்துப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார்கள். அந்தத் துண்டு பாஸ் என்றால் பத்தாயிரம் பனியனும் பாஸ். ஒவ்வொரு பனியனையும் யாரும் துவைத்துப் பார்ப்பதில்லை. பையர் கேட்பது அந்தத் தாளை மட்டும்தான். அத்தைக்கு முப்பது வருடமாக உலகம் அப்படித்தான் நடந்தது. ஜோசியக்காரன் சொன்னதை நம்ப மாட்டார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்ன வைத்தியத்தை நம்ப மாட்டார். லேப்பில் பாஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டால், ஒன்பது வருடம் அவரிடம் வேலை செய்தவள் நான்.

"பாஸுங்க அத்தை" என்றேன்.

அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார். பதினோரு பக்கம். டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் வைக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபைலில் கோத்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். "எங்க மதி படிச்சுக் கண்டுபுடிச்சா. லேப் ரிப்போர்ட்டோட இருக்குது" என்பார். அவர்களும் வாங்கிப் புரட்டிப் பார்த்து, படங்களும் கட்டங்களும் இருப்பதைக் கண்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தப் பதினோரு பக்கமும் கடைசி வரைக்கும் அந்தக் கட்டிலிலேயே இருந்தது. நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

மூன்றாவது ஊசிக்கான செவ்வாய்க்கிழமை நாங்கள் காங்கேயத்துக்குப் போனோம். சாமியப்பன் என்று ஒருவர், மாமாவுக்குத் தெரிந்தவர், அவருக்கு அங்கே தென்னந்தோப்பு. கானோடெர்மா எங்கே கிடைக்கும் என்று தேடுகையில், தென்னைக்கு வரும் வாடல் நோய்க்குக் காரணமே அந்த இனம்தான் என்று படித்திருந்தேன். நோய் கண்ட மரத்தின் அடியில் செங்கல் நிறத்தில், வார்னிஷ் அடித்ததுபோல மினுமினுப்பாக, அரை வட்டத் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சாமியப்பன் தோப்பில் பதினைந்து இருபது மரத்துக்கு இருந்தது. கடப்பாரையால் பெயர்த்துக் கொடுத்தார்.

"ஏனுங்க, இந்தச் சனியன் அடியில மொளச்சுதுன்னா மரத்துக்குச் சோலி முடிஞ்சுதுங்க" என்றார். "மருந்தடிச்சு மருந்தடிச்சு நான் நொந்து கெடக்கறேன். நீங்க இதயவே மருந்துங்கறீங்க."

"மரத்தையே சாய்ச்சுப் போடுதில்லீங்க" என்றார் அத்தை. தலையில் முக்காடு மாதிரித் துண்டு கட்டியிருந்தார். "எலுமிச்சங்கா அளவுக் கட்டி அதுக்கு எம்மாத்தரமுங்க."

சாமியப்பன் என்னைப் பார்த்தார். "படிச்ச புள்ள சொன்னாச் சரித்தான் சாமி" என்று சொல்லிவிட்டு ஒரு சாக்கு கொண்டு வந்து கட்டிக் கொடுத்தார்.

கானோடெர்மா என்பது ஒரு பெரிய குடும்பம். ஆராய்ச்சிக்கு எடுக்கிற ரகமும் தோப்பில் கிடைக்கிற ரகமும் ஒன்றேதான் என்று சொல்ல முடியாது. ஏறத்தாழ ஒன்று. செக்கிங் மேசையில் ஏறத்தாழ என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கு எனக்கு அது போதும் என்று பட்டது.

அன்று சாயங்காலம் அபிராமி அக்கா போன் செய்தாள்.

"போயிட்டு வந்துட்டீங்களா மதி?"

"வந்துட்டமுங்க அக்கா."

"அம்மா எப்படி இருக்காங்க? வாந்தி எடுத்தாங்களா?"

"இல்லீங்க. நல்லா சாப்பிட்டாங்க."

"நீ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேனோ" என்றாள். எங்கே போய்விட்டு வந்தோம் என்று அவள் கேட்கவில்லை. ஊசியை நிறுத்தியதை அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்பது அத்தையின் உத்தரவு. நான் உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவள்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டார். தேதி தாண்டிவிட்டதே, ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"அவங்களுக்கே இஷ்டமில்லீங்க" என்றேன்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவ பேசச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க."

அடுத்த வாரம் இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. அவர்களுக்கும் ஆயிரம் பேர்.

காளானைச் சீவி, நிழலில் உலர்த்தி, மாவு மிஷினில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்பதால் நானே உரலில் இடித்தேன். மரத்தூள் மாதிரி இருக்கும். இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டவைத்துக் காலையும் மாலையும் கொடுத்தேன். அப்படி ஒரு கசப்பை நான் எதிலும் கண்டதில்லை. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த வேளைச் சோறு வரைக்கும் போகாது. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பார். குடித்துவிட்டு, "நல்லா வேல செய்யற மருந்துதான் இப்படிக் கசக்கும்" என்பார். நான் ஒரு துண்டு வெல்லம் கொடுப்பேன்.

ஊசி நின்றதும் அத்தைக்கு வாந்தி நின்றது. முடி பூனை மயிர் மாதிரி முளைத்தது. கட்டிங் மேசைக்குத் திரும்பினார். எல்லோரும் காளானால்தான் என்றார்கள். ஊசி நின்றால் வாந்தி நிற்கும், முடி முளைக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் எனக்குச் செக்கிங் கிடையாது. அத்தைக்குப் படித்துச் சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து படிப்பேன். சில நாள் காளானை விட்டுவிட்டு ரத்தம், நரம்பு, செல் என்று பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்டதையெல்லாம் சொல்வேன். அத்தை கண்ணிமைக்காமல் கேட்பார். ஒரு நாள், "இவ்வளவு மண்டை உனக்கு இருக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே கண்ணு" என்றார். தெரியாமல் போகவில்லை. டீச்சர் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அதை நினைவூட்டவில்லை. அந்த ஏழெட்டு மாதம் என் வாழ்க்கையில் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேசைக்குத் திரும்பினால் ஜுவைரியா, "என்ன டாக்டரம்மா, ஓபி முடிஞ்சுதா? எனக்கு முதுகு வலி, ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்" என்பாள். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஒரு நாள் அவள் சிரிக்காமல் கேட்டாள்:

"ஏன் மதி, ஊசியும் போட்டுக்கிட்டு இதையும் குடிச்சா என்ன? ரெண்டுல ஒண்ணுதான்னு யாரு சொன்னா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்தப் பதினோரு பக்கத்திலேயே இருந்தது. "அத்தைக்கு இஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை விரித்தேன். கழுத்துப் பட்டியில் தையல் விட்டிருந்தது. ஸ்டிக்கர் ஒட்டினேன்.

ஐந்தாவது மாதம் அத்தை அறைக் கதவைச் சாத்திவிட்டு ஜாக்கெட் கொக்கியைக் கழற்றினார்.

"கட்டி பெருசான மாதிரி இருக்குது கண்ணு. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ. நீ சரியாப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். துணியில் நூல் ஓட்டத்தை விரலாலேயே கண்டுபிடிக்கிற கை என்னுடையது. எலுமிச்சங்காய் இப்போது சாத்துக்குடியாக இருந்தது. மேல் தோல் இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தது. அக்குளிலும் ஒன்று இருந்தது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்கூடக் கோயமுத்தூருக்குப் பஸ் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிதான்.

"கரையறதுக்கு முன்னாடி கொஞ்சம் வீங்குமாமுங்க அத்தை" என்றேன்.

"அப்படீன்னு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குதுங்க."

போட்டிருக்கவில்லை. அது நானாகச் சொன்னது. ஒளிவு மறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். அத்தை கொக்கியை மாட்டிக்கொண்டு, "முருகா" என்று பெருமூச்சு விட்டார். அன்றிலிருந்து மூன்று வேளையாகக் குடித்தார்.

மார்கழியில் இருமல் வந்தது. முதுகெலும்பில் வலி வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் மேசையைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். அபிராமி அக்கா காரில் வந்து இறங்கி, அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, எலும்புக்குப் போயிருந்தது. அதே பெண் டாக்டர்தான். ஃபைலைப் பிரித்தார். இரண்டு ஊசிக்குப் பிறகு வெறும் தாள்.

"நீதானே கூட வந்த படிச்ச பொண்ணு?" என்றார்.

"ஆமாங்க."

அவர் ஃபைலை மூடினார். ஊசியை ஏன் நிறுத்தினீர்கள் என்று அபிராமி அக்கா கேட்டாள், அழுதுகொண்டு. "அத்தைதானுங்க அக்கா வேண்டாம்னுட்டாங்க" என்றேன். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அத்தை தலையை ஆட்டினார். என்னைக் காப்பாற்றுவதுபோல் ஆட்டினார்.

கடைசி நாளுக்கு முதல் நாள் மாஸ்க்கை விலக்கிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ரிப்போர்ட்ல எதாச்சும் படிக்காம உட்டுட்டமா கண்ணு?"

"இல்லீங்க அத்தை."

"சரி. நீ உட மாட்டே" என்றார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அபிராமி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, பெற்ற மகளைவிட நான்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னாள். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் ஒரு வழி கேட்டார், நான் காட்டினேன். விரும்பியதை அவரே தேர்ந்தெடுத்தார். இப்படியே விட்டிருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இந்தத் தை மாதம் ஒரு காலையில் என் அம்மா மாரக்காள் குளித்துவிட்டு வந்து, இடது மார்பில் ஏதோ நெல்லிக்காய் மாதிரித் தட்டுப்படுகிறது என்றாள். பயப்படாமல் சொன்னாள்.

"அந்தக் கசாயத்தவே எனக்கும் வெச்சுக் குடுத்துரு சாமி. டப்பாவுல பொடி இன்னும் கெடக்குதில்ல."

நான் அதற்குள் ஆதார் கார்டை எடுத்துப் பையில் போட்டுவிட்டிருந்தேன். ஒரு சேலையைக் கொடுத்துக் கட்டச் சொன்னேன். அத்தை போன பிறகும் கம்பெனி நடந்துகொண்டுதான் இருந்தது; அன்றைக்கு ஷிப்மெண்ட். ஜுவைரியாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எட்டு நாற்பது பஸ்ஸைப் பிடித்தோம். அம்மாவுக்கு ஜன்னலோரம்.

"எதுக்கு சாமி இத்தனை அவசரம்? அதான் நம்ம கையில மருந்து இருக்குதே."

"அது வேண்டாம்மா."

"நீதான அத்தைகிட்டப் பாஸுன்னு சொன்னே. நான் கூடத்தான நின்னுட்டிருந்தேன்."

பஸ் ஊர் எல்லையைத் தாண்டவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு எரிச்சலாக வந்தது. விவரம் தெரியாமல் பேசுகிறாளே என்று. மளமளவென்று சொல்லிவிட்டேன்.

"அது கண்ணாடித் தட்டுல புத்துநோய்ச் செல்லுகள வெச்சுப் பாத்ததும்மா. அப்புறம் எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. மனுசங்களுக்குன்னா ஊசியோட சேத்துத்தான் குடுத்தாங்க, அதும் உடம்புக்குத் தெம்பா இருக்கட்டும்னு. ஊசிய நிறுத்திப்போட்டு இத மட்டும் குடிச்சா வியாதி முத்திரும்னு அதுலயே எழுதியிருக்குது. ஏழாவது பக்கத்துல."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன். மனப்பாடமாக இருந்தது.

கண்டக்டர் வந்தார். இரண்டு டிக்கெட் வாங்கினேன். அவர் நகர்ந்த பிறகு அம்மா கேட்டாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் பார்க்கவில்லை. முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மடியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோயமுத்தூர் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை.

ஆரம்பக் கட்டம்தான். நாலு ஊசி முடிந்துவிட்டது. ஒரு தேதிகூடத் தவறவில்லை, தவற நான் விடுவதில்லை. முடி கொட்டிவிட்டது, அம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரி.

ஒன்று மட்டும்தான். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற தாள்களை அம்மா என் கையில் தருவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே ஜுவைரியா வீட்டுக்குக் கொண்டுபோய், வாசல் படியில் உட்கார்ந்து படித்துச் சொல்லச் சொல்கிறாள். ஜுவைரியா எட்டாவதோடு நின்றவள். விரலை வைத்து எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்; ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. அவள் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கிற வரையில் அம்மா எழுந்திருப்பதில்லை. நான் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன் என்று அம்மாவுக்குத் தெரியும். இருந்தும் ஏன் அங்கே போய் உட்காருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.